செங்காந்தள் காட்டிக் கொடுத்த ரகசியம்

சீஸன் நேரத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிறவர்கள் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று மலையையேதான் பார்த்துக்கொண்டு போவார்கள். அடுத்த முறை வேலியோரமும் கொஞ்சம் பாருங்கள். மழைக்காலத்தில் நெருப்பு நாக்கு மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ கண்ணில் படலாம். செங்காந்தள்! நம் மாநில மலர். ஊர்ப் பெரியவர்களோ, ‘கண்வலிக்கிழங்குப்பா... வாயில கீயில வெச்சிராதே’ என்பார்கள். நியாயம்தான். கிழங்கிலிருந்து விதை வரை விஷம்.

அந்த விஷத்தின் பெயர் கால்ச்சிசின். 1820-ல் ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தவர்கள், பெல்லட்டியே, கவெந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். அளந்து கொடுத்தால் ‘கௌட்’ மூட்டுவலிக்கு மருந்து. அளவு மீறினால் எமன். செல் இரண்டாகப் பிரிவதையே நிறுத்திவிடும். எப்படி?

1967-ல் சிகாகோவில் போரிஸி, டெய்லர் என்ற இருவர் ஒரு தந்திரம் செய்தார்கள். கதிரியக்கம் ஏற்றிய கால்ச்சிசினை அனுப்பி, செல்லுக்குள் அது எதைப் போய்ப் பிடிக்கிறது என்று துப்பறிந்தார்கள். மோப்ப நாயை அவிழ்த்துவிட்ட கதைதான். சிக்கியது ஒரு புரோட்டீன். ‘டியூபுலின்’ என்று பிறகு பெயர் வைத்தார்கள். செல்லுக்குள் சாரம் கட்டுவது இதுதான். சாரம் எழும்பாவிட்டால் செல் பிரிய முடியாது.

சரி, அந்த சாரத்தை முழுசாகக் கண்ணால் பார்ப்பது எப்படி? இங்கேதான் ‘ஆன்டிபாடி’ வருகிறது. அம்மைக் கிருமியை எதிர்க்க நம் ரத்தத்தில் உருவாகுமே, அதே சமாசாரம். டியூபுலினை முயலுக்கு ஊசி மூலம் ஏற்றினால், ‘யாரிவன் அந்நியன்?’ என்று முயலின் உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கும். அதை எடுத்து, ஒளிரும் சாயத்தோடு செல்லில் விட்டால், டியூபுலின் இருக்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். 1975-ல் இப்படிப் பார்த்தபோது, இருட்டில் சீரியல் பல்பு போட்ட மாதிரி செல் முழுக்கப் பச்சை நூல்கள்! கால்ச்சிசின் வகை மருந்தைக் கொடுத்தார்கள். நூல்கள் மறைந்தன. கிழங்கின் ரகசியம் கண்ணெதிரே அம்பலம்.

காமர்ஸ் படித்தவன் புத்தி கணக்கில்தானே போய் நிற்கும்? 2009-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு கால்ச்சிசின் விற்கத் தனி உரிமை கிடைத்தது. ஒன்பது சென்ட் மாத்திரை கிட்டத்தட்ட ஐந்து டாலர் ஆனது! நம்மூரில் மூலனூர், தாராபுரம் பக்கம் இதே கால்ச்சிசினுக்காகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். விதைக்கு விலை சொல்வது விவசாயி அல்ல, வியாபாரி.

செல்லுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டோம். இந்த லாபம் எங்கே ஒளிகிறது என்று காட்ட, எந்த முயலிடம் ஆன்டிபாடி கேட்பது?