நைசான நைஸ்

சிதம்பரத்தில் நிலவியல் படிக்கும் பிள்ளைகள் 'நைஸ் பாறை' என்றால், கேட்பவருக்குத் தோசைமாவின் வழவழப்புதான் நினைவுக்கு வருகிறது. பாறையோ சொரசொரப்பான பருமணி. 'நைசாக அரை' என்பதிலுள்ள நைஸ் ஆங்கிலச் சொல். லத்தீனில் 'அறியாதவன்' என்று பிறந்து, மூடன், நுணுக்கமானவன், இனியவன் எனப் பொருள் மாறி வந்தது. பாறையின் நைஸ் ஜெர்மானியச் சுரங்கத்தாரின் சொல். தீப்பொறியைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து, மினுமினுப்பால் வந்த பெயர் என்பர். தமிழில் எனக்குப் பிடித்தது 'வரிப்பாறை'. வரிப்புலி, வரிக்குதிரை என்னும் வரிதான். வெளிர்ந்த குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஒரு வரி. கறுத்த பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு அடுத்த வரி. 'வரி' என்றால் எழுது, தீட்டு என்பது பழம்பொருள். இறுக்கிக் கட்டு என்றும் உண்டு, 'வரிந்து கட்டினான்' என்கிறோமே. வெப்பமும் அழுத்தமும் இறுக்கியதால் விழுந்த கோடுகளுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். இதை 'அடுக்குப்பாறை' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அடுக்கு என்பது கடலூர் மணற்கல்லைப்போல் மணல் படிந்து படிந்து உண்டாவது; நைஸின் வரி, பாறை உருமாறும்போது கனிமங்கள் பிரிந்து நின்றதால் வருவது. பாடநூலில் நைஸ் இருக்கட்டும்; பக்கத்திலேயே வரிப்பாறையும் இருக்கட்டும்.