கிழங்கா, கோச்சா?

ஜமைக்காக்காரர்கள் எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மரபணு என்பார்கள். 2008-ல் உசைன் போல்ட்டின் அப்பாவே, எல்லாம் எங்கள் ஊர்க் கிழங்கின் மகிமை என்றார். என் ஓட்டு என்னவோ ஒரு பாலிடெக்னிக் கோச்சுக்குத்தான். பெயர் டென்னிஸ் ஜான்சன்.

அந்தக் கால வழக்கப்படி ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போனவர். படித்தது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஸ்டேட். அங்கே கோச், பட் வின்டர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை விமானிகளுக்குப் பதற்றமில்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்த மனிதர்! அதையே ஓட்டத்துக்கும் கொண்டுவந்தார். தாடை தளர வேண்டும், கை விரல்கள் தளர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவன் தன் தசைகளோடுதான் மல்லுக்கட்டுகிறான் என்பது அவர் கட்சி. 1968 மெக்ஸிகோவில் 200 மீட்டரை 19.83-ல் ஓடிய டாமி ஸ்மித், 400 மீட்டரை 43.86-ல் ஓடிய லீ எவன்ஸ், இரண்டு பேருமே அவர் மாணவர்கள்.

அவர்களுக்கெல்லாம் சீனியர் நம் ஜான்சன். 1961-ல் 100 கஜத்தை 9.3 வினாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். அதே வருடம் ஃப்ராங்க் பட் 9.2 ஓடிவிட்டார், அது வேறு கதை. 1964 டோக்கியோவில் 4x100 ரிலேயில் ஜமைக்காவுக்கு நாலாவது இடம். (அந்த அணியில் இருந்த பாப்லோ மெக்நீல்தான் பின்னாளில் பள்ளியில் போல்ட்டுக்கு கோச்.)

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். எத்தனையோ பேர் தங்கினார்கள். ஜான்சன் கிங்ஸ்டனுக்குத் திரும்பி, சுருக்கமாக 'காஸ்ட்' என்று அழைக்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியில் 1970-களில் தடகளத்தைக் கட்ட ஆரம்பித்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதுவரை பள்ளியில் நன்றாக ஓடும் பையனுக்கு இரண்டே வழி. ஒன்று அமெரிக்கக் கல்லூரி, இல்லையென்றால் ஓட்டத்துக்கு முழுக்கு. அமெரிக்கா போனாலும் கல்லூரிக்குப் புள்ளி வேண்டுமே! 100, 200, ரிலே என்று மாதக்கணக்கில் ஓடவிட்டு, கோடையில் நாட்டுக்காக ஓடும் நேரத்தில் பையன் சக்கையாக நிற்பான். உள்ளூரிலேயே படித்துக்கொண்டு, ஒரே கோச்சிடம் வருடக்கணக்கில் பயிற்சி எடுக்கலாம் என்ற மூன்றாவது வழியைத் திறந்தவர் ஜான்சன். நம் பிள்ளைகளை அனுப்புவதா வேண்டாமா என்று இரவெல்லாம் பேசும் நமக்கு இந்த இடம் புரியும்.

1995-ல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமானது. 1999-ல் தொடங்கிய எம்.வி.பி. என்ற கிளப் அங்கேதான் வந்து சேர்ந்தது. அதன் கோச் ஸ்டீஃபன் பிரான்சிஸ், மிச்சிகனில் எம்.பி.ஏ. படித்து ஆலோசகர் உத்தியோகம் பார்த்தவர் (வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ!). அவர் பயிற்சியில் அசாஃபா பவல் 2005-ல் 9.77 ஓடி உலக சாதனை வைத்தார். ஷெல்லி ஆன் ஃப்ரேசர் 2008 பெய்ஜிங்கில் தங்கம். பயிற்சியெல்லாம் புல்தரைத் தடத்தில்தான்.

சான் ஹோசேயிலோ 1988-ல் தடகளத்தையே மூடிவிட்டார்கள். மறுபடி கொண்டுவருகிறோம் என்று அறிவிக்க 2016 ஆயிற்று. ஜான்சன் 2021-ல் காலமானார்.