சிங்கப்பூர் – நியூயார்க்: வான்தொலைவும் பறப்பு நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி, நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வான்தொலைவு சுமார் 15,350 கிலோமீட்டர். இந்த எண் மாறாதது. ஆனால் பறப்பு நேரத்தை இதிலிருந்து மட்டும் கணித்துவிட முடியாது. 2020 முதல் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானங்களில் இத்தடத்தில் இடைநில்லாமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 18 மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குகிறது. மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது. விமானமோ பல நாட்களில் அதை விட்டுவிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பசிபிக் வழியே செல்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளுவதால் சுற்றுவழியே இலாபம்.

போகையில் கிடைத்த காற்று வருகையில் எதிர்ப்பதால் கணக்கு சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானத்துக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒருவழி உதவி, மறுவழி எதிர்த்தால், போகவர மொத்தத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் நட்டம். எதிர்காற்றில் அதிக நேரம் கழிகிறதே! தவிர, இரு நகரங்களும் உலகின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறக்கலாம், பறக்கவும் செய்கிறார்கள். அட்டவணை நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அடக்கம்; அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.