காட்டுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு: கோஸ்டா ரிக்காவின் கதை

நம் பி பிளாக்குக்குப் பின்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாகப் பேச்சு நடக்கிறது. வெட்டினால் ஆறு கார் நிறுத்தலாம் என்று ஒரு சாரார். நிழல் போய்விடும் என்று இன்னொரு சாரார். நடுவில் ஒருவர், "அது நம்ம ஊர் மரமே இல்லை சார், வெளிநாட்டு மரம்" என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரிதான். அந்த மரத்தின் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். 19ஆம் நூற்றாண்டில் நிழலுக்காக இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அது இயற்கையாக வளரும் நாடுகளில் ஒன்று கோஸ்டா ரிக்கா. அங்கே அதை 'செனிசரோ' என்கிறார்கள். மரத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போன நான் அந்த நாட்டின் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டேன். 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது பழைய லெட்ஜரைத் திரும்பப் புரட்டுவது போல இருந்தது.

கோஸ்டா ரிக்கா சின்ன நாடு. பரப்பு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் கரீபியன் கடல், நடுவில் எரிமலை வரிசை. வடக்கு அமெரிக்காவின் உயிரினங்களும் தெற்கு அமெரிக்காவின் உயிரினங்களும் சந்திக்கும் நிலப்பாலம் அது. அதனால் உலகின் உயிரின வகைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் அங்கே இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பறவை மட்டும் சுமார் 900 வகை. சிறுத்தையைவிடப் பெரிய ஜாகுவார், மூக்கு நீண்ட டேபிர், வாரம் ஒருமுறை மலம் கழிக்க மட்டும் மரத்திலிருந்து இறங்கும் ஸ்லாத், பச்சையும் சிவப்புமாக நீள வால் கொண்ட கெட்சால் பறவை எல்லாம் அந்தச் சிறிய இடத்தில் வாழ்கின்றன.

1948இல் அந்த நாடு ராணுவத்தைக் கலைத்துவிட்டது என்பதைப் பலர் படித்திருப்பீர்கள். அதே காலத்தில் அங்கே வேறொரு போர் தொடங்கியது. அது காட்டுக்கு எதிரான போர். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் வங்கிக்காரர்கள்.

மாட்டுக்கடன்

1940களில் அந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. 1980களின் நடுவில் அது கால் பங்கை ஒட்டி வந்துவிட்டது. நாற்பதே வருடத்தில் இது எப்படி நடந்தது?

முதல் காரணம் நிலச் சட்டம். சொந்தக்காரர் இல்லாத காட்டு நிலத்தில் ஒருவர் மரத்தை வெட்டிச் சுத்தம் செய்தால், அது நிலத்தை 'மேம்படுத்தியது' என்று கணக்கு. மேம்படுத்தியவருக்கே பட்டா கேட்கும் உரிமை. மரத்தை விட்டுவைத்தால் நிலம் சும்மா கிடக்கிறது என்று அர்த்தம், வேறு யாராவது வந்து வெட்டி உரிமை கோரலாம்.

இரண்டாவது காரணம் மாடு. அமெரிக்காவில் ஹாம்பர்கர் கடைகள் பெருகின. மலிவான இறைச்சிக்குக் கிராக்கி வந்தது. உலக வங்கி போன்ற அமைப்புகள் பணம் கொடுத்தன. உள்ளூர் வங்கிகள் குறைந்த வட்டியில் மாட்டுப் பண்ணைக்குக் கடன் கொடுத்தன. காடு இருந்த இடத்தில் புல் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960களிலும் 70களிலும் நாட்டின் மாட்டிறைச்சி உற்பத்தி ஏறிக்கொண்டே போனது, ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் சராசரியாகச் சாப்பிட்ட அளவு குறைந்தது. இறைச்சி கப்பலேறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. 1980களில் ஒரு மலையடிவார ஊர்க் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். நில மேம்பாட்டுக் கடன் என்று ஒரு வகை உண்டு. நிலத்தைச் சமன்படுத்த, கிணறு வெட்ட, புதரும் மரமும் அகற்ற ஏக்கருக்கு இவ்வளவு என்று பட்டியல் இருக்கும். ஒரு விவசாயி, "சார், அந்த மேட்டுக்காட்டில் மயில் அடையும், முள்ளம்பன்றி இருக்கும், எல்லாத்தையும் கிளியர் பண்ணிடலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது மேனேஜர். லெட்ஜரில் ஏற்றியது நான். அந்த விவசாயி கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தார். எங்கள் புத்தகத்தில் அது நல்ல கணக்கு. மயில் அடைந்த மேட்டுக்கு எந்தப் புத்தகத்திலும் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

கோஸ்டா ரிக்காவிலும் தவறு பேராசையில் தொடங்கவில்லை. நிற்கும் காட்டுக்கு மதிப்பு பூஜ்யம் என்று எழுதிய கணக்கு முறையில் தொடங்கியது.

விதிவிலக்காகச் சிலர்

1951 வாக்கில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து சில க்வேக்கர் குடும்பங்கள் அங்கே குடியேறின. போரில் சேர மாட்டோம் என்பது அவர்கள் மதக் கொள்கை. ராணுவப் பதிவுக்கு மறுத்துச் சிலர் சிறைக்கும் போய் வந்தவர்கள். ராணுவமே இல்லாத நாடு என்று தேடி வந்தார்கள். மலை மேல் சுமார் 3,400 ஏக்கர் வாங்கி, மோன்டெவெர்டே என்று பெயர் வைத்தார்கள். அவர்களும் மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்யத்தான் வந்தார்கள். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காட்டை, ஓடையின் தண்ணீர் வற்றக்கூடாது என்று வெட்டாமல் விட்டார்கள். 1972இல் அந்தப் பகுதியில் மேகக்காட்டுக் காப்பகம் உருவாக அதுவே அடித்தளம்.

இன்னொரு பக்கம், நிகோயா தீபகற்பத்தில் ஒரு தம்பதி: ஸ்வீடன்காரர் ஓலோஃப் வெஸ்பெர்க், டென்மார்க்கில் பிறந்த அவர் மனைவி காரென் மோகென்சன். பழத்தோட்டம் போட்டு வாழ வந்தவர்கள். கண்ணெதிரே காடு கரைவதைப் பார்த்து வெளிநாட்டு அமைப்புகளுக்குக் கடிதம் எழுதிப் பணம் சேர்த்தார்கள். 1963இல் காபோ பிளாங்கோ காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1975இல் ஓசா தீபகற்பத்துக் காட்டையும் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கப் போன வெஸ்பெர்க் அங்கே கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு அங்கே கொர்கொவாடோ தேசியப் பூங்கா அமைந்தது. இன்று ஜாகுவாரும் டேபிரும் நான்கு வகைக் குரங்குகளும் செந்நிறப் பஞ்சவர்ணக் கிளிகளும் அங்கே இருக்கின்றன.

வாராக்கடனில் வளர்ந்த காடு

1981இல் கோஸ்டா ரிக்காவால் வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. நாடே வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. மாட்டுப் பண்ணைகளுக்கான சலுகைக் கடன்கள் சுருங்கின. இறைச்சி விலையும் சரிந்தது. கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் செடி முளைக்க ஆரம்பித்தது. காடு திரும்பியதற்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை, கடன் நின்றதும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. 1984இல் தாமஸ் லவ்ஜாய் என்ற அமெரிக்க உயிரியலாளர் சொன்னது. உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு வெளிநாட்டு வங்கிக்கு நாடு 100 ரூபாய் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராது என்று வங்கிக்குத் தெரிந்துவிட்டது. 20 ரூபாய் கிடைத்தால் போதும் என்று அந்தக் கடனை விற்கத் தயார். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 20 ரூபாய்க்கு வாங்கி, நாட்டின் மத்திய வங்கியிடம் கொடுக்கிறது. மத்திய வங்கி டாலரில் எதுவும் தர வேண்டாம். உள்நாட்டுப் பணத்தில், 60 அல்லது 70 ரூபாய் மதிப்புக்குப் பத்திரம் எழுதித் தருகிறது. அந்தப் பணம் காட்டைக் காக்கச் செலவாகிறது. வங்கி மொழியில் இது ஒரு 'ஒன் டைம் செட்டில்மென்ட்', பயனாளி காடு.

1987 முதல் கோஸ்டா ரிக்கா இதைப் பலமுறை செய்தது. ஸ்வீடன், நெதர்லாந்து அரசுகளும் உதவின. இப்படி வந்த பணத்தில் பெரும் பயன் பெற்றது வடமேற்கே உள்ள குவானகாஸ்தே. நம் தூங்குமூஞ்சி மரத்தின் தாய்வீடான வறண்ட காட்டுப் பகுதி அது. டேனியல் ஜேன்சன் என்ற உயிரியலாளரும் அவர் மனைவி வின்னி ஹால்வாக்ஸும் அங்கே மாட்டுப் பண்ணைகளை வாங்கிக் காடாக்க முயன்றார்கள். மேய்ச்சலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல் ஆளுயரம் வளர்ந்து, கோடையில் தீப்பிடித்து, முளைக்கும் மரக்கன்றை எல்லாம் பொசுக்கிக்கொண்டிருந்தது. எனவே முதல் வேலை தீயை நிறுத்துவது. பண்ணையில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களையே தீக்காவலுக்கு வைத்தார்கள். புல்லைக் குறைக்கச் சில காலம் மாட்டையே மேயவிட்டார்கள். தீ நின்ற இடத்தில் காற்றும் பறவையும் வௌவாலும் விதை போட்டன. இன்று கடற்பகுதியும் சேர்த்துச் சுமார் 1,60,000 ஹெக்டேர் பாதுகாக்கப்படுகிறது. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பூங்கா மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. மோன்டெவெர்டேயின் கெட்சால் பறவைகள் காட்டு வெண்ணெய்ப்பழங்களைத் தேடி, குஞ்சு பொரித்தபின் மலையிலிருந்து இறங்கிக் காப்பகத்துக்கு வெளியே தனியார் நிலங்களுக்குப் போகின்றன. எல்லைக் கல் பறவைக்குத் தெரியாது. நில உரிமையாளர் மனசு வைத்தால்தான் பறவை பிழைக்கும்.

1996இல் வந்த வனச் சட்டம் இதற்கு வழி செய்தது. காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றத் தடை. கூடவே, தன் நிலத்தில் காட்டை வைத்திருப்பவருக்கு அரசு பணம் தரும். எதற்காக? கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது, தண்ணீரைக் காப்பது, உயிரினங்களைக் காப்பது, கண்ணுக்கு அழகாக இருப்பது என்று நான்கு சேவைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டன. பணம் எங்கிருந்து? எரிபொருள் வரி வசூலில் 3.5 சதவீதம். அழகுக்கு ஒரு கணக்குத் தலைப்பு போட்ட நாட்டை வணிகவியல் படித்த நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது அந்த நாட்டில் பாதிக்கும் மேல் காடு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததில் பெரும்பகுதி இளங்காடு. உலகிலேயே அதிகமாக அன்னாசிப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான், அந்தத் தோட்டங்களுக்கும் நிலம் வேண்டும்.

திருத்த முடியாத பதிவு

மோன்டெவெர்டே மலை உச்சியில், சில சதுர கிலோமீட்டர் இடத்தில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தேரை இருந்தது. ஆண் தேரை பளபளக்கும் ஆரஞ்சு நிறம். 1960களில் அதைப் பார்த்த ஜே சாவேஜ் என்ற விஞ்ஞானி, யாரோ எனாமல் பெயின்டில் முக்கி எடுத்ததோ என்று சந்தேகப்பட்டாராம். பொன் தேரை என்று பெயர். வருடத்தில் சில நாட்கள் மட்டும் மழைக்குட்டைகளில் கூட்டமாக வரும்.

1987இல் 1,500க்கும் மேல் எண்ணினார்கள். 1988இல் அதே முக்கியமான குட்டையில் ஒன்றுதான் இருந்தது. 1989 மே மாதம் ஓர் ஆண் தேரை மட்டும் தனியாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. 2004இல் அற்றுப்போன உயிரினம் என்று அறிவித்தார்கள். அந்த மலையில் யாரும் மரம் வெட்டவில்லை, அது காப்பகம். எல்நினோ வறட்சி, தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் என்று காரணம் சொல்கிறார்கள்.

வங்கியில் தப்பாகப் பதிவு செய்தால் மறுநாள் எதிர்ப் பதிவு போட்டுச் சரி செய்யலாம். மேய்ச்சல் நிலம் காடானது அந்த மாதிரி. பொன் தேரைக்கு எதிர்ப் பதிவு இல்லை. எது திரும்பும், எது திரும்பாது என்பது வெட்டும்போது நமக்குத் தெரிவதில்லை.

நம் மரம்

அடுத்த மாதப் பொதுக்குழுவில் மரம் பற்றிய தீர்மானம் வருகிறது. அதை வெட்டவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. அது இந்த ஊர் மரம் இல்லை, கிளையும் உளுத்திருக்கிறது என்கிறார்கள், கார் வைத்திருப்பவர்களின் சிரமமும் உண்மை. செயலாளர் அனுப்பிய குறிப்பில் 'மரம் அகற்றும் செலவு', 'பார்க்கிங் வருமானம்' என்று இரண்டு வரி இருந்தது. மரத்தின் பக்கம் ஒரு வரியும் இல்லை. அதை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். பிறகு எல்லோரும் ஓட்டுப் போடலாம். முடிவு எதுவானாலும் ஏற்கிறேன்.

அந்த வரியில் என்ன எழுதுவது என்று எனக்குத் தனியாகத் தெரியாது. வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மரத்தடியில் இருப்பேன். எத்தனை கூடு, என்ன பறவை, எத்தனை அணில், பத்து மணி வெயிலில் எத்தனை வீட்டு ஜன்னலுக்கு நிழல் என்று எண்ணலாம். பிள்ளைகளை அனுப்பினால் நல்லது, அவர்கள் கண் கூர்மை. காபி என் வீட்டிலிருந்து வரும்.