பூசாத சுவர்: அகமதாபாத்தில் ஒரு கான்கிரீட் மாளிகை

ஜவுளி வாங்க அகமதாபாத் வந்து போகிற நம்மவர்கள் ஹதீசிங் ஜைனக் கோயிலைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. 1848-ல் முடிந்த சலவைக்கல் ஆலயம். வணிகர் பொருள் கல்லாய் நின்ற இடம் அது. நூறு வருஷம் கழித்து அதே குடும்பப் பெயர் கொண்ட ஆலை முதலாளி சுரோத்தம் ஹதீசிங் தமக்கு ஒரு மாளிகை கேட்டார். வரைந்து வந்ததோ பூச்சே இல்லாத கான்கிரீட் வீடு!

வரைந்தவர் லெ கார்பூசியே. சண்டிகர் நகர வேலையாக 1951-ல் இந்தியா வந்தவரை அப்போதைய மேயர் சினுபாய் சிமன்பாய் இங்கேயும் அழைத்தார். மேயருக்கு வரைந்த வீடு காகிதத்தோடு நின்றுபோயிற்று. மனோரமா சாராபாய் வீடு எழும்பியது; மேல் மாடியிலிருந்து நீச்சல் குளத்துக்குச் சறுக்கிப் போக அதில் வழியுண்டு. ஹதீசிங் என்ன செய்தார் தெரியுமோ? கட்டாமலே வரைபடத்தை ஷியாமுபாய் ஷோதன் என்ற இன்னொரு ஆலை முதலாளிக்கு விற்றுவிட்டார். தனிக்கட்டைக்கு நினைத்த வீடு, வேறொரு மனையில், ஒரு குடும்பத்துக்கென்று 1956-ல் முடிந்தது. சரக்கு கை மாறுவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் வீட்டின் வரைபடமே கை மாறுவது அபூர்வந்தான்.

இந்த வேலையில் நிஜமான சூரன் சென்டரிங் ஆசாரி. மற்ற வீடுகளில் அவர் பலகையைப் பிரித்ததும் கொத்தனார் பூசி மறைத்துவிடுவார். இங்கே மறைக்க ஆளில்லை. பலகை இடுக்கில் பால் கசிந்தால் சுவர் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். பிறகு ஒட்டுப் போட்டாலும் ஒட்டு தனியாகத் தெரியும். மரத்தின் ரேகைகூட அப்படியே பதியும். பாரிசில் அவரிடம் வேலை பார்த்துத் திரும்பிய பாலகிருஷ்ண தோஷிதான் இங்கு மேற்பார்வை. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவரே, 2023-ல் காலமானார்.

அழகு என்று மட்டும் எண்ண வேண்டாம். வீட்டுக்கு மேலே தனியாக ஒரு குடைக்கூரை. நடுவிலே காற்றாடும் மாடித் தோட்டங்கள். வெயில் ஜன்னலில் விழாதபடி முகப்பில் ஆழமான கான்கிரீட் சட்டங்கள். அகமதாபாத் மே மாதத்தை அனுபவித்தவனுக்கு இதன் அருமை புரியும். ஆனால் கான்கிரீட்டுக்கும் ஆயுசு உண்டு: ஈரம் உள்ளே போய்க் கம்பி துருத்தால் உப்பி, மேல்தோல் உதிரும். அதைச் சரிபார்க்கும்போதும் பூசி மறைக்கக் கூடாது; பழைய பலகை ரேகையோடு புது ரேகை பொருந்த வேண்டும். அதற்கு மறுபடியும் ஆசாரியைத்தான் தேட வேண்டும்.