டாக்டருங்களே சொல்றாங்கப்பா!

போன மாதம் பையன் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தான். அவன் பையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று. பார்த்தால் இ-சிகரெட்! "இதுல புகையிலையே இல்லப்பா. ஆபத்து கம்மின்னு டாக்டருங்களே சொல்றாங்க" என்றான். தங்கமணி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

'டாக்டர் சொன்னார்' என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது நண்பர்களே.

1946ல் அமெரிக்காவில் ஒரு சிகரெட் கம்பெனி, டாக்டர்கள் அதிகம் பிடிப்பது எங்கள் சிகரெட்தான் என்று வெள்ளைக் கோட்டு போட்டவர் படத்தோடு விளம்பரம் செய்தது. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர்களும் ஊதித் தள்ளிய காலம் அது.

அப்போது இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் ஏறிக்கொண்டே போனது. மோட்டார் புகையா, ரோட்டுத் தாரா என்று சந்தேகம். ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை விசாரித்து, காரணம் சிகரெட் என்று 1950ல் எழுதினார்கள். ஆய்வு நடக்கும்போதே டால் சிகரெட்டை விட்டுவிட்டார். ஹில் டாக்டரே இல்லை. தபால் வழியில் பொருளாதாரம் படித்த புள்ளியியல்காரர். (பி.காம். காரனான எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம்!)

ஆனாலும் பலர் ஏற்கவில்லை. எனவே 1951ல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கடிதம் போட்டு, அவர்கள் புகைக்கும் பழக்கத்தைக் கேட்டார்கள். சுமார் 40,000 பேர் பதில் போட்டார்கள். பிறகு யார், எதனால் இறக்கிறார் என்று வரவு வைத்தார்கள். 29 மாதத்தில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயில் போனார்கள். அதில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. சொந்தப் பேரேட்டைப் பார்த்ததும் டாக்டர்கள் கூட்டம் கூட்டமாகப் பழக்கத்தை விட ஆரம்பித்தார்கள்.

இனி இ-சிகரெட். 2003ல் சீனாவில் ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் உருவாக்கியது. 2015ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, இது சிகரெட்டைவிட 95 சதவீதம் ஆபத்து குறைந்தது என்றது. பையன் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் அது சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவருக்குச் சொன்னது. சிகரெட்டே பிடிக்காத பத்தொன்பது வயசுக்காரனுக்கு அல்ல. நிகோடின் இதிலும் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் தமிழ்நாடு 2018ல் தடை செய்தது. 2019ல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முழுத் தடையைப் பரிந்துரைக்க, நாடு முழுக்கச் சட்டமே வந்துவிட்டது.

டாக்டர்களிடம் இரண்டு கருத்து ஏன்? சிகரெட்டுக்கு 50 வருடக் கணக்கு 2004ல் முடிந்து கையில் இருக்கிறது. இதற்கு இன்னும் பேரேடே நிரம்பவில்லை.

இத்தனையும் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த 50 வருஷக் கணக்குல உங்களுக்கு என்னப்பா போட்டிருக்கு?" என்றான்.

தொடர்ந்து புகைப்பவருக்கு ஆயுளில் சராசரியாகப் பத்து வருடம் பற்று. 40ல் விட்டால் ஒன்பது வருடம் திரும்பும். 50ல் விட்டால் ஆறு. எனக்கு 46. பால்கனியில் தினமும் நாலு.

அவன் அதைக் குப்பையில் போட்டான். நானும் பாக்கெட்டைப் போட்டேன். இன்றோடு பன்னிரண்டு நாள். தங்கமணி இன்னும் நம்பவில்லை :-)