சொல்லாமல் சொன்ன பாட்டு



வீட்டைவிட்டுப் புறப்படும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்கிறோம். விளக்கை ‘அணை’ என்றால் பாட்டிமார் கடிந்துகொள்வார்கள். ‘குளிர வை’ என்று திருத்துவார்கள். நேரே சொல்லாமல், கேட்பவரே உணர்ந்துகொள்ளும்படி சொல்வதைக் ‘குறிப்பு’ என்பார்கள். நன்னூல் இதற்குத் தனி இலக்கணமே வகுத்திருக்கிறது.

வீட்டுப் பேச்சில் இவ்வளவு மென்மையாக வழங்கும் இந்தக் குறிப்புமொழி, தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் விடுதலைப் போரின் கருவியாகவும் இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு, 1876ஆம் ஆண்டில் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுக்கு எதிரான நாடகம் என்று அதிகாரிகள் கருதினால் அதைத் தடை செய்யலாம். அந்நிய ஆட்சி ஒழியவேண்டும் என்று மேடையில் வெளிப்படையாகச் சொன்னவருக்குச் சிறைதான்.

நாடகக்காரர்கள் என்ன செய்தார்கள்? பழைய கதைகளுக்குள்ளே புதிய செய்தியை வைத்தார்கள்.

வள்ளி திருமணக் கதை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் தெரிந்ததுதான். தினைப்புனத்துப் பரணில் நின்று வள்ளி பறவைகளை விரட்டுவாள். முருகன் அங்கே வருவான். அந்த முருகன் வேடத்தில் புகழ்பெற்றவர் விசுவநாத தாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். தினைப்புனக் காட்சியில் அவர் வெள்ளைக் கொக்கு பறப்பதைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். கதையின்படி அது பயிரைத் தின்னவரும் பறவை. ஆனால் அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று கூட்டத்தில் இருந்த பாமரருக்கும் விளங்கிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட நாட்டின் நிலையை அந்தப் பாட்டிலே படித்துக்கொண்டார்.

அரசுக்கும் காது உண்டல்லவா? குறிப்பு அதற்கும் புரிந்தது. தாஸ் பலமுறை சிறை சென்றார். ஆனால் விடுதலையாகி வந்ததும் மீண்டும் மேடையேறினார், மீண்டும் பாடினார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தது. முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

நேயர்களே, குறிப்பாகப் பேசுவது கோழைத்தனம் என்று சிலர் எண்ணுவதுண்டு. விசுவநாத தாஸின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. பாடியவர் பாதியைச் சொன்னார். மீதியை மக்கள் தாங்களே நிறைவு செய்துகொண்டார்கள். பாடியவரைச் சிறையில் அடைக்க முடிந்தது. கேட்டவர்கள் புரிந்துகொண்டதை யாராலும் அடைக்க முடியவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலும் இப்படிப்பட்ட குறிப்புகள் எத்தனையோ உண்டு. பிள்ளைகளே, இன்றிரவு பாட்டியின் அருகே அமர்ந்து, ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும்.